தகட்டை உருவச் சொன்ன கங்கம்மா

திருப்பதி கங்கம்மா தாயை நம்பும் சொந்தங்களே, என் தம்பி சேகரின் கை மிஷினில் மாட்டிய நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

வெதுருகுப்பம் பக்கம் எங்களுக்கென்று காணி நிலம் கிடையாது. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனிகள் வந்ததும் சேகர் அங்கே வேலைக்குப் போனான். அவன் சம்பளத்தில்தான் நான் திருப்பதியில் ஆராய்ச்சி படித்தேன். பெட்ரி நெட் என் பாடம். ஒரே நேரத்தில் நடக்கும் பல வேலைகளை வட்டமும் கட்டமுமாக வரைவது அது. கட்டம் என்பது ஒரு வேலை. அதற்கு அம்புக்குறி போட்ட எல்லா வட்டத்திலும் புள்ளி இருந்தால்தான் அந்த வேலை நடக்கும்; நடந்தால் அந்தப் புள்ளிகளை எடுத்துக்கொள்ளும். சின்னப் படங்களைப் பொதுவான வட்டத்தில் ஒட்டிப் பெரிதாக்க, கேட்டகரி தியரி என்ற கணிதம் வழி சொல்கிறது. சேகர் வேலை பார்த்த, தகட்டை அடிக்கும் பிரஸ்ஸையும் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பையும்தான் வரைந்து வைத்திருந்தேன். தனித்தனியே பார்த்தால் இரண்டும் எங்கேயும் சிக்காது. ஒட்டும் வேலை பாக்கி இருந்தது.

ஒரு கோடை மதியம், அவனோடு வேலை செய்யும் மணி போன் செய்தான்.

“அக்கா, சேகரு கை கிளாம்ப்புல மாட்டிக்கினு கீது. ரெண்டு மிஷினும் ஒண்ணுக்கொண்ணு காத்துக்கினு நின்னுடுச்சி. கரண்ட்ட நிறுத்துனா மேல கீற பிரஸ் எறங்கிடுமாம். உன்னாண்ட படம் கீதுன்னு சேகருதான் சொல்றான்.”

பின்னால் சேகரின் அலறல் கேட்டது.

இரண்டு படத்தையும் ஒட்டினேன். நடுவிலுள்ள சென்சாரில் ஒரு தகட்டைக் காட்டினால் பொது வட்டத்தில் ஒரு புள்ளி விழும். அதைக் கிளாம்ப் எடுத்தால் திறக்கும். பிரஸ் எடுத்தால் அவன் கை போய்விடும். எது எடுக்கும் என்று படம் சொல்லாது. படித்ததெல்லாம் பயத்தில் கரைந்துபோனது. தாயே, எனக்குச் சோறு போட்ட கை அது என்று அழுதேன்.

கண்ணைத் துடைத்தபோது பிரஸ்ஸுக்குப் போகும் இன்னொரு வட்டம் தெரிந்தது. அடுத்த தகடு காத்திருக்கும் இடம். அதைக் காலி செய்தால் பிரஸ் அசையாது. அதுவரை அது என் கண்ணில் படவே இல்லை.

“மணி, பிரஸ்ஸுக்கு முன்னாடி கீற தகட்ட மொதல்ல உருவிடு. அப்புறமா சென்சாருக்கு நேரா ஒரு தகட்டக் காட்டு. மாத்திச் செஞ்சிடாதப்பா.”

கிளாம்ப் திறந்தது. ஆனால் மூன்று விரல்கள் நசுங்கியிருந்தன. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். வேலையும் போய்விட்டது.

இதில் என்ன அருள் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கும் கங்கம்மாவிடம் கோபம் உண்டு. விரலையும் விட்டுவைத்திருக்கலாமே என்று சண்டை போட்டுக்கொண்டேதான் கும்பிடுகிறேன். ஆனால் அன்று அந்த வட்டத்தைக் காட்டியது அவள்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒட்டிப் பார்க்காத படத்தை இப்போது நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

போன கங்கம்மா ஜாத்திரைத் திருவிழாவில் கொதிக்கும் பொங்கல் பானையை இறக்க சேகர் குனிந்தான். நான் ஓடினேன்.

“வுடுக்கா, எறக்கிடுவேன்” என்றான். இறக்கினான்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, அவளிடம் கேளுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே கேளுங்கள்.