யானை தின்ற கிளை

வாசல் பெருக்குவதில் எனக்கும் என் கணவர் ஹசானிக்கும் கல்யாணமான நாளிலிருந்தே சண்டை. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் விடியும்போது துடைப்பத்தோடுதான் வெளியே வருவாள். மண் முற்றத்தில் கோடு கோடாகத் துடைப்பம் போன தடம் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் வாய்க்கு அவலாகிவிடுவோம். ஹசானிக்கோ அந்த முற்றம்தான் செய்தித்தாள். நான் பெருக்குவதற்கு முன்பே எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார்.

"நேத்து உன் தங்கச்சி வந்திருக்கா போல. வரும்போது மெதுவா நடந்து வந்தவ, போகும்போது விசுக்கு விசுக்குன்னு போயிருக்கா. என்ன சொல்லித் தொலைச்ச?"

"கோழி என்ன பேசிச்சுன்னும் சொல்லிடுங்களேன்!"

"கோழி பேசல. நீதான் வெறுங்காலோட அத அடுப்படி வரைக்கும் தொரத்தியிருக்க."

இப்படிப்பட்ட மனுஷனோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. எதையும் ஒளித்து வைக்க முடியாது.

ஊர் வேலிக்கு அந்தப் பக்கம் காடு. காட்டுக்குள் வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து தங்கும் ஒரு விடுதி. அங்கே எனக்குச் சமையலறையில் வேலை, அவருக்கு வண்டியில் வேலை. வண்டிக்குள் இல்லை, வண்டியின் மூக்கில். திறந்த வண்டியின் முன்பக்கம், இடது விளக்குக்கு மேலே, ஓர் இரும்பு இருக்கை துருத்திக்கொண்டிருக்கும். கதவு கிடையாது, பெல்ட் கிடையாது, கால் அந்தரத்தில் தொங்கும். அதில் உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே போய், சிங்கமோ சிறுத்தையோ போன தடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல்முறை அவரை அதில் பார்த்தபோது எனக்குத் தூண்டிலில் கோத்த புழு ஞாபகம்தான் வந்தது. அன்று நான் உப்புப் போட்ட கஞ்சியிலேயே மறுபடியும் உப்பைப் போட்டேன்.

அந்த இருக்கை அவருக்குக் கிடைத்தது ஒன்றும் பெரிய கதையில்லை. அதில் இருந்தவர் லீவில் போனார், திரும்பி வரவில்லை. அப்போது இவர் விடுதித் தோட்டத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். "தொலைஞ்ச மாட்ட எப்பவாவது தேடிக் கண்டுபிடிச்சிருக்கியா?" என்று கேட்டிருக்கிறார்கள். "கண்டுபிடிக்கலன்னா எங்கப்பா தோலை உரிச்சிருப்பாரு" என்று சொல்லியிருக்கிறார். மறுநாளே தூக்கி மூக்கில் உட்கார வைத்துவிட்டார்கள்.

தடம் காட்டுக்குள் திரும்பினால் அவர் இறங்கித் தனியாக நடப்பார். வண்டி ஓட்டுபவரிடம்தான் துப்பாக்கி இருக்கும். இவர் கையில் ஒரு குச்சி, இடுப்பில் ஒரு வாக்கிடாக்கி, அவ்வளவுதான். விருந்தாளிகளோடு வண்டி வேறு பக்கம் சுற்றப் போய்விடும். அதனால் தடம் பார்ப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சாலையை விட்டு உள்ளே இறங்கும் இடத்தில் ஒரு பச்சைக் கிளையை ஒடித்துக் குறுக்கே போட வேண்டும். இலை உள்ள நுனி, ஆள் போன திசையைக் காட்டும். வெளியே வந்ததும் போட்டவரேதான் அதை எடுக்க வேண்டும். கிளை கிடக்கிறது என்றால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அதுவும் எந்தக் கிளையையும் போட்டுவிட முடியாது. நாங்கள் பல்குச்சி ஒடிக்கும் கசப்புச் செடி ஒன்று இருக்கிறது, ஆடு மாடு எதுவும் அதில் வாய் வைக்காது. அதன் கிளையைத்தான் போட வேண்டும்.

அந்த வியாழக்கிழமை காலை அவர் அதைச் செய்யவில்லை.

விருந்தாளிகளுக்கு மத்தியானம் ஜோகன்னஸ்பர்க் விமானம். நான்கு நாள் தங்கியும் ஒரு சிங்கத்தைக்கூடப் பார்க்காத கடுப்பில் இருந்தார்கள். வண்டி ஓட்டுகிற ஷட்ராக்கின் பின்கழுத்திலேயே அவர்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்களாம். ஆற்றோரச் சாலையில் ஒரு பெண்சிங்கத்தின் புதுத்தடம் தெரிந்ததும் ஹசானி குதித்து இறங்கிவிட்டார். "நீ இவங்கள நீர்யானைப் பக்கம் கூட்டிட்டுப் போ, நான் சாலையோட நடந்து பாக்குறேன்" என்றிருக்கிறார். தடம் சாலையோடு வெகுதூரம் போய், எங்கேயோ உள்ளே திரும்பியிருக்கிறது. அங்கே கைக்கு எட்டியது ஒரு மருலா மரத்துக் கிளை. அவசரத்தில் அதை ஒடித்துப் போட்டுவிட்டு இவர் உள்ளே நுழைந்துவிட்டார்.

மருலா என்றால் யானைகளுக்கு உயிர்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சமையலறை அலமாரியில் ஒரு ரேடியோ இருக்கும், வண்டிகள் எப்போது திரும்பும் என்று தெரிந்தால்தானே முட்டையை உடைக்க முடியும். நான் அதை முட்டைக்காகக் கேட்பதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அன்று ஷட்ராக்கின் குரல் கேட்டது.

"ஹசானி, ஹசானி, எங்க இருக்க?"

பதில் இல்லை. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். அதற்கும் பதில் இல்லை. பள்ளத்தில் இறங்கினால் வாக்கிடாக்கி கேட்காது, பேட்டரி தீர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஷட்ராக் குரலைத் தாழ்த்திப் பேசியது கேட்டது.

"போனானி, சாலை நெடுக யானைக் கூட்டம் போயிருக்கு. அவன் கெளை எங்கயும் காணோம்."

கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு மேல் வைத்திருந்தால் விரலை நறுக்கியிருப்பேன்.

போனானி இரண்டாவது வண்டியின் மூக்கில் உட்காருபவள். எங்கள் விடுதியில் அந்த இருக்கையில் ஏறிய முதல் பெண். ஷட்ராக் விருந்தாளிகளை விடுதியில் இறக்கிவிட்டு, தண்ணீரும் மருந்துப் பெட்டியும் எடுக்க அவளோடு வந்தபோது, நான் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, எறங்கு. அங்க வந்து நீ என்ன பண்ணப் போற?"

"இங்க இருந்து நான் என்ன பண்ணப் போறேன்? வெங்காயமா நறுக்க?"

அவள் மருந்துப் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு ஏறினாள்.

சாலைக்குப் போனால் அது சாலையாகவே இல்லை. யானைகள் மிதித்து மண்ணைக் குழப்பி, சாணம் போட்டு, போகிற போக்கில் ஓரத்து மரங்களையெல்லாம் மொட்டையடித்திருந்தன. எந்தக் கிளை யார் ஒடித்தது என்று எப்படித் தெரியும்? யானைக்கால் படாத ஓரங்களில் பூட்ஸ் தடங்கள் இருந்தன. அதிலும் ஒரு சங்கடம். அன்று விடியற்காலை பக்கத்து விடுதிக்காரர்களும் அதே சிங்கத்தைத் தேடி அங்கங்கே இறங்கி ஏறியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கடைப் பூட்ஸ்.

"மாமாவோட பழைய பூட்ஸ தூக்கத்துல காட்டினாலும் சொல்லிடுவேன் அக்கா" என்றாள் போனானி. "இது ஞாயித்துக்கெழம குடுத்த புதுசு. இதுல அவரு நடந்து நான் பாக்கவே இல்ல."

நான் பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தப் பூட்ஸ் இளகட்டும் என்று அதைப் போட்டுக்கொண்டு என் முற்றத்தில்தான் நடந்துகொண்டிருந்தார். இடது குதிகாலில் கடித்துவிட்டது. வேலையில் யாரும் கேலி செய்வார்களே என்று வெளியே மூச்சு விடவில்லை. வீட்டில், யாரும் பார்க்காத இடத்தில் மட்டும் இடது காலைப் பக்கவாட்டில் சாய்த்து, குதிகால் மண்ணில் படாமல் நடந்தார். நான் தினமும் அந்தத் தடத்தைத் திட்டிக்கொண்டே பெருக்கினேன்.

"எடது கால் குதி பதியாது. வெளி ஓரம் மட்டும் ஆழமா இருக்கும்" என்றேன்.

போனானி குனிந்தாள். நானும் குனிந்து நடந்தேன். ஒரு தடத்தைப் பார்த்து இதுதான் என்று நினைப்பேன், அடுத்த அடியிலேயே குதி பதிந்திருக்கும், நெஞ்சு விட்டுப்போகும். தலைக்கு மேல் கழுகுகள் வட்டமிடுகின்றனவா என்று பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். வானத்தில் ஒன்றும் இல்லை. அதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை.

ஒரு மொட்டை மருலா மரத்தடியில் அந்தத் தடம் கிடந்தது. பாதி யானைக் காலடியில் போயிருந்தது, மீதி என் முற்றத்திலிருந்து பெயர்த்துவந்து வைத்தது போல இருந்தது.

"இதான்" என்றேன்.

ஷட்ராக் துப்பாக்கியோடு முன்னால் போக, போனானி தடத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனாள். போவதற்கு முன் ஒரு கசப்புச் செடியைத் தேடிப் பிடித்து ஒடித்து, சாலைக்குக் குறுக்கே போட்டாள். என்னை வண்டியிலேயே இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கி வெடித்தால் என்ன அர்த்தம், வெடிக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று மனசு இரண்டுக்கும் கெட்ட பதிலையே சொன்னது.

வெடிக்கவில்லை. பதிலாக ஷட்ராக்தான் ஓடிவந்தார். "உசுரோட இருக்கான், வண்டிய உள்ள எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

பெண்சிங்கம் வறண்ட ஓடையில் குட்டி போட்டிருந்தது. அது சீறி ஓடிவரவும், இவர் முகத்தைத் திருப்பாமல் பின்னாலேயே நகர்ந்து, காட்டுப்பன்றி வளையில் கால் விட்டு விழுந்திருக்கிறார். கணுக்கால் முறிந்துவிட்டது. வாக்கிடாக்கி தெறித்துச் சிங்கத்தின் பக்கம் போய் விழுந்துவிட்டது. ஷட்ராக்கின் குரல் அதிலிருந்து வந்தபோதெல்லாம் சிங்கம் தலையைத் தூக்கி இவரைப் பார்த்ததாம். கத்த முடியாமல், அசைய முடியாமல், ஒரு கரையான் புற்றில் சாய்ந்து கிடந்திருக்கிறார். வண்டியைச் சிங்கத்துக்கும் அவருக்கும் நடுவில் நிறுத்தித்தான் அவரைத் தூக்கினோம்.

என் ஏப்ரனைப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது.

"நீ இங்க இருந்தா... அங்க சமையல் யாரு பாக்குறா?"

"மருலாவா போட்டீங்க? மருலாவா? ஏன், யானைக்கு எலை போட்டுப் பரிமாறிட்டு வந்திருக்கலாமே!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். சிங்கம் எங்களையே பார்த்துக்கொண்டு குட்டிகளோடு படுத்திருந்தது.

மாவுக்கட்டுப் பிரித்ததும் மறுபடியும் போகிறேன் என்றார். தோட்டத்திலேயே வேலை கேளுங்கள் என்று நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் சமைக்கவே இல்லை.

"டின்ஸ்வாலோ அப்பா, நம்ம மூத்த பொண்ணுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகல. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் இருக்கு கென்சானி. பயம் போயிட்டா மறுபடியும் மருலாதான் போடுவேன்" என்றார்.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று எனக்கு விடுமுறை. நான் எழும்போது கிளம்பிவிட்டிருந்தார். துடைப்பத்தோடு வெளியே வந்தேன். படலுக்குக் குறுக்கே ஒரு கசப்புச் செடிக் கிளை கிடந்தது. இலை நுனி விடுதிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆடு வந்து முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. நான் அதைச் சுற்றிப் பெருக்கினேன்.

பகல் முழுவதும் அதைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போனேன், வந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் என் தங்கை வந்து, "வாசல்ல என்னக்கா இது குப்பை?" என்று குனிந்தாள்.

"தொடாத. அத எடுக்க வேண்டிய ஆளு இன்னும் வரல."