பதுளையில் மட்டும் ஓடிய மெஷின்

பண்டாரவளையில் எங்கள் கடை மெஷின் காலையில் ஓடாது. மத்தியானம் ஓடும். பதுளைக்குக் கொண்டுபோனால் உடனே ஓடும். இதை யாரிடம் சொன்னாலும் அவர்கள் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

சப்பாத்து, பாடசாலைப் பை, இடுப்புப் பட்டி, மோட்டார் சைக்கிள் சீட்டு என்று தோலும் ரெக்சினும் தைத்துக் கொடுக்கிற சின்னக் கடை. என் மனைவியின் தம்பி தைப்பான். நான் வெட்டி, ஒட்டி, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வேன். மெஷின் ஜப்பானில் பாவித்துக் கழித்தது. தூக்க இரண்டு பேர் வேண்டும். தட்டையான மேசைக்குப் பதிலாக உருண்டையான ஒரு கை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சப்பாத்தை அதில் மாட்டித்தான் தைக்க வேண்டும். நான்கு மடிப்புத் தோலிலும் ஊசி தயங்காமல் இறங்கும். ஓடினால்.

கார்த்திகைக் குளிரோடு தொல்லை தொடங்கியது. காலையில் ஸ்விட்சைப் போட்டால் மோட்டர் உறுமும், பெல்ட் வழுக்கிக் கருகல் வாசனை வரும், சக்கரம் அசையாது. மைத்துனன் முதலில் கரண்ட் குறைவு என்றான். பிறகு பெல்ட் என்றான். புதிதாக வாங்கிப் போட்டோம். அதன் பிறகு மோட்டர் என்றான். ஒவ்வொரு நாளும் அவன் விளக்கி முடிப்பதற்குள் கூரைத் தகரத்தில் வெயில் ஏறிவிடும், மெஷின் ஓடத் தொடங்கும். தன் விளக்கத்தைக் கேட்டுத்தான் அது திருந்தியது என்பதுபோல் உட்கார்ந்து தைப்பான்.

ஆட்டோவில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனோம். அங்கே மெஷின் திருத்துகிறவர் சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினார். சுற்றியது. ஒரு துண்டுத் தோலில் நேராகத் தைத்துக் காட்டினார். கூலி வாங்க மறுத்துவிட்டார், அதுதான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது. மறுநாள் காலை பண்டாரவளையில் சக்கரம் மறுபடி இறுகி நின்றது. அடுத்த கிழமையும் கொண்டுபோனோம். அங்கே மறுபடி ஓடியது.

"மெஷினுக்குப் பதுளை புடிச்சுப்போச்சுங்க," என்றார் அவர். "நீங்க ரெண்டு பேரும் வேணும்னா போயிட்டு வாங்க. அது இங்கேயே இருக்கட்டும்."

மைத்துனன் சிரித்தான். நான் ஆட்டோக்காரரைத் தேடப் போனேன்.

அந்த நாட்களில்தான் கொஸ்லந்தைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். அதைத் தொடையோடு பிடித்து வைக்கிற தோல் பட்டை அதை இறுக்கும் பக்கிளுக்கு அடியில் கிழிந்திருந்தது. காலை நேரம், மெஷின் ஓடவில்லை. மைத்துனன் கையால் தைத்துக் கொடுத்தான். கைத்தையலுக்கு வேண்டிய பொறுமை அவனுக்குக் கிடையாது. சில நாளில் பஸ் படியில் ஏறும்போது தையல் விட்டு, அந்த மனிதர் வேலைக்குப் போகாமல் வீடு திரும்பியிருக்கிறார். எங்கள் ஊர்ச் சந்தையில் மரக்கறி மூட்டைகளை நிறுத்துச் சிட்டை எழுதுவது அவர் வேலை. இன்னொரு தடவை வராமல் இருந்தால் வேறு ஆளைப் போடுவதாக முதலாளி போனில் சொல்லிவிட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் எங்களிடம் வந்து அவர் இதைச் சொன்னார். கோபமே இல்லாமல், போஞ்சி விலை சொல்வதுபோல் சொன்னார்.

பொய்க்காலைக் கழற்றி எங்களிடம் கொடுத்துவிட்டு, சுவரோரம் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். இனி நாங்கள் திருப்பிக் கொடுக்காமல் அவர் எங்கும் போக முடியாது.

மைத்துனன் ஸ்விட்சைப் போட்டான். மோட்டர் உறுமியது. இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து முறுக்கினான். ஊசி முறிந்தது. நிமிர்ந்து, மோட்டரைப் பற்றி ஆரம்பித்தான். அவனை எழும்பச் சொல்லிவிட்டு மெஷின் கையின் மூடியைக் கழற்றினேன். கீழ்நூலைப் பிடிக்கிற கொக்கியைச் சுற்றி மெழுகுபோல் ஏதோ வெள்ளையாக உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டி விரலில் தேய்த்தேன். உருகியது. மோந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் தினமும் காலையில் அடுப்புப் பக்கம் வைத்து இளக்குகிற போத்தலின் வாசனை.

"தேங்காண்ணெயா ஊத்தினே?"

"ஆயுத பூசைக்கு ஊத்தினேன் மச்சான். மெஷின் எண்ணெய் முடிஞ்சிருந்துச்சு. சாமிக்கு முன்னால நிக்கப்போவுது, நல்ல எண்ணெயா இருக்கட்டும்னு."

"அதுக்கப்புறம்?"

"போத்தல்ல மிச்சம் இருந்துச்சு."

வாங்கில் இருந்தவர் தொண்டையைச் செருமினார். "இந்தக் குளிருக்கு அது எங்க தலையிலயே எறங்காதுங்களே," என்றார்.

பதுளை எங்களுக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிற ஊர்; அந்த வெயிலில் எண்ணெய் உறையவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் இரண்டு தடவை ஆட்டோ பிடித்தோம், ஒரு நல்ல பெல்ட்டைத் தூக்கி எறிந்தோம்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் கொதிதண்ணீர் வாங்கி, துணியை நனைத்துப் பிழிந்து மெஷின் கையைச் சுற்றிக் கட்டினேன். ஆறியதும் மறுபடி நனைத்தேன். எண்ணெய் உருகிச் சொட்டத் தொடங்கியது. கொக்கியைத் துடைத்து, புது ஊசி போட்டு, சக்கரத்தைத் தொட்டேன். அசைந்தது. மோட்டரைப் போட விடவில்லை. நான் பட்டையைப் பிடிக்க, மைத்துனன் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்கினான். இரண்டு வரிசை. தையல் இறுக்கமாக விழுந்தது.

"பாத்தீங்களா மச்சான், மெஷின்ல ஒரு குறையும் இல்ல," என்றான்.

வாங்கில் இருந்தவர் பொய்க்காலை மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டி, எழும்பி, சீமெந்துத் தரையில் காலை ஊன்றிப் பார்த்தார். எங்களால்தான் தாமதம் என்று முதலாளியிடம் சொல்ல நானும் கூடப் போனேன். சந்தை வரை அவர் எனக்கு முன்னால்தான் நடந்தார்.

லொறி காத்து நின்றது. முதலாளியே சிட்டைப் புத்தகத்தோடு நின்று, கணக்குத் தவறி, யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். நான் குளிர், தேங்காயெண்ணெய், பதுளை என்று தொடங்கினேன். அவர் என்னைப் பார்த்தாரே தவிர, நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அதற்குள் நம்மவர் எட்டி அவர் கையிலிருந்த புத்தகத்தையும் பேனையையும் வாங்கிக்கொண்டார். முதலாளி விட்டுவிட்டார். முதல் கரட் மூட்டையை இருவர் தூக்கி வந்தார்கள்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் அவர், எழுதிக்கொண்டே. "தராசு மேல நிக்கிறீங்க."