சித்தியின் பேச்சைத் தின்ற கம்ப்யூட்டர்

எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் கமிட்டி நவராத்திரிக்குப் பட்டிமன்றம் வைப்பது என்று முடிவு செய்த வருஷம், நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் கெட்டுப்போகிற எதையும் ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று மனதார நம்பிய காலம் அது. அப்பாவின் மொபெட்டுக்குக்கூட அதே வைத்தியத்தைத்தான் சொன்னேன்.

தலைப்பு, 'இல்லத்தரசிக்கு உற்ற துணை மிக்சியா, கம்ப்யூட்டரா?' முதலில் அணிக்கு மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். நாள் நெருங்க நெருங்க ஒவ்வொருவருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. கடைசியில் மிக்சிக்கு என் அம்மாவும் கம்ப்யூட்டருக்கு என் சித்தியும் மட்டும் மிஞ்சினார்கள். அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும். பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர். தெருவுக்கு வேறென்ன வேண்டும்? பட்டாணிக்காரர் கோயில் வாசலில் இடம் பிடித்துவிட்டார் என்று பேச்சு.

அம்மாவுக்கு மைக் புதிதில்லை. மகளிர் குழுக் கூட்டத்தில் நன்றியுரை சொல்ல எழுந்தாளென்றால், தலைமையுரையையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள். சித்தி அப்படியில்லை. நெய்க்காரப்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். சண்டை போடும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் போடுவாள். தண்ணீர்க் குழாயடியில் ஒரு அக்கா, "உங்க மூத்தவ முன்னாடி நீயெல்லாம் என்னத்தப் பேசிரப் போற" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குக் குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டாள் சித்தி.

"கண்ணு, நான் பேசறேன். நின்னு நாலு வார்த்த பேசிப்போட்டுத்தான் எறங்குவேன்" என்றாள் என்னிடம்.

சித்தப்பாவுக்குப் பழனி ரோட்டில் மோட்டார் ரிவைண்டிங் பட்டறை. அகரம், செம்பட்டிப் பக்கமிருந்து கிணற்று மோட்டார் எரிந்து போனவர்கள் எல்லாம் அவரைத் தேடித்தான் வருவார்கள். மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து, பட்டறைக்குப் பில் போடலாம் என்று அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார். ஒரு பில்லும் போடவில்லை. அது வீட்டுக்கு வந்தது. சித்தி அதற்குச் சுருக்கு வைத்து உறை தைத்தாள், சீட்டு விளையாடினாள். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து அதில் ஒரு குறிப்பெழுதும் புரோகிராமை ஏற்றிக் கொடுத்தது நான்தான். திறந்தால் மஞ்சளாக ஒரு தாள் வரும். விட்ட இடத்தில், கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் கர்சர் மின்னிக்கொண்டு நிற்கும். சேமி, கீமி என்று எதையும் அமுக்க வேண்டாம். அடிக்க அடிக்கத் தானே சேமித்துக்கொள்ளும்.

அந்தத் தாளில்தான் சித்தி இரண்டு வாரமாகப் பேச்சை அடித்தாள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில், ஒற்றை விரலால். காகிதத்தில் ஒரு பிரதி எழுதி வை என்று சித்தப்பா சொன்னதற்கு, "ஏனுங்க, கம்ப்யூட்டருக்காகப் பேசப்போறவ பேப்பர்ல எழுதினா ஊரு சிரிக்காதுங்களா?" என்றாள். விஜயதசமியன்று காலையில் ஃப்ளாப்பியில் ஏற்றி, வெளியே கொண்டுபோய்ப் பிரிண்ட் எடுத்து, சாயங்காலம் மேடையில் படிப்பது என்று ஏற்பாடு.

முந்தின நாள் ஆயுத பூஜை. பட்டறையில் ஸ்பானர், சுற்று மிஷின், தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்த சித்தப்பா, அதே கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டருக்கும் வைத்தார். பட்டறைக் கைக்குச் சின்னப் பொட்டு வைக்கத் தெரியாது. மறுபூஜை முடிகிறவரை தொடக்கூடாது என்பதால் அதை யாரும் தொடவில்லை. மறுநாள் காலை மறுபூஜை முடிந்ததும் சித்தி ஈரத்துணியால் எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்துவிட்டு, பேச்சைத் திறந்து கடைசி வரிக்கு மெருகேற்ற உட்கார்ந்தாள்.

நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அலறல்.

"கண்ணூ! ஓடியா! எம் பேச்சத் திங்குது!"

வாய் நிறைய நுரையோடு ஓடினேன். சித்தி கையில் பிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவரிலிருந்து பிடுங்கிவிட்டிருந்தாள்.

"கடேசியில இருந்து ஒவ்வொரு எழுத்தா, சரசரன்னு பின்னாலயே போகுது கண்ணு. முடிவுரையே போச்சு. அட கெரகமே!"

பிளக்கைச் சொருகி, போட்டு, திறந்தேன். முடிவுரை இல்லை. மற்றபடி தாள் அமைதியாக இருந்தது. நான் 'டெஸ்ட் டெஸ்ட்' என்று அடித்தேன். அழகாக விழுந்தது. தின்றதையும் அது தானே சேமித்துக்கொண்டிருந்ததுதான் கொடுமை. நான் எந்தச் சிறப்பம்சத்தைச் சொல்லிப் பெருமையடித்தேனோ, அதுவே.

"வைரஸ் சித்தி" என்றேன். போன வாரம்தான் அந்தப் பாடம் நடத்தியிருந்தார்கள். வைரஸாக இருந்தே தீர வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஆசை.

"மொதல்ல இருக்கறதப் பிரிண்ட் எடுத்துரலாம்" என்று ஃப்ளாப்பியைச் சொருகினேன். போகவில்லை. அழுத்தினேன், போகவில்லை. குனிந்து பார்த்தால் ஃப்ளாப்பி நுழைகிற வாசலில் மஞ்சளாக ஒரு இதழ்.

"சித்தப்பா, இதுக்குள்ள என்ன?"

"செவ்வந்தி" என்றார் அவர், சாதாரணமாக. "பூ வைக்க எங்கயுமே தோது இல்ல பாப்பா. அங்கதான் அழகா ஒரு சந்து இருந்துச்சு."

இழுத்தேன். பூ வந்தது, காம்பு உள்ளே தங்கிவிட்டது. ஃப்ளாப்பி டிரைவின் கதை அத்தோடு முடிந்தது. இதற்குப் பிறகாவது பூஜையில் வேறு என்னென்ன நடந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. புரோகிராமை அடியோடு எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். 'டெஸ்ட் டெஸ்ட்'. சரி. "முடிஞ்சது சித்தி, இனிமே தின்னாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா மிக்சியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டே அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"என்னடி எழுதியிருக்கா உங்க சித்தி? ஒரு வரி சொல்லு போதும்."

"ஒண்ணும் பாக்கலம்மா."

"பாக்காம என்னத்த ரிப்பேர் பண்ணுன? கண்ண மூடிக்கிட்டா?"

பதில் சொல்வதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம், "மறுக்காத் திங்குது!"

இந்த முறை 'கணக்கு வழக்கு பார்க்க உதவும்' என்ற பகுதியும் அதற்கு முந்தியதும் காலி. மறுபடியும் பிளக் சித்தியின் கையில். மறுபடியும் நான் போட்டேன், அடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சித்தப்பாவை உட்காரவைத்து அடிக்கச் சொன்னேன். அவர் ஐந்து நிமிஷம் தேடித் தன் பெயரை அடித்தார். அதையும் தின்னவில்லை. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. இவ கை வெச்சாத்தான் திங்குது" என்றார்.

"என்ற கைக்கு என்னங்க? இந்தக் கையில ஆக்கிப் போட்டத பத்து வருசமாத் தின்னது ஆருங்க?"

சித்தப்பா சத்தமில்லாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அடுப்பு எரிகிற சத்தம் கேட்டது. அன்றைக்குக் காலையிலிருந்து வீட்டில் யாரும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ரவையை வறுத்தார், கருகியது. மறுபடி வறுத்தார்.

சித்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"கண்ணு, கேக்கறேன்னு கோவிச்சுக்காத. நீ தொட்டா நல்லாருக்குது. வீட்டுக்குப் போயிட்டு வந்தா திங்குது. அக்கா எதாச்சும் சொல்லியனுப்பிச்சாங்களா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் தோற்றது போதாதென்று உளவாளிப் பட்டமும். "சித்தி, சத்தியமா இல்ல."

"சேரி. ஆனா இனிமே நீ திரையப் பாக்கப்படாது."

ஒரு குற்றாலத் துண்டை எடுத்து மானிட்டரின் என் பக்கத்துப் பாதியை மூடிவிட்டாள். அந்தத் துண்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு மத்தியானம் முழுக்க வைரஸ் தேடினேன். தேடும் புரோகிராமுக்கே காலாவதியாகியிருந்தது. உதவிக் குறிப்பைச் சித்தியை விட்டு வாசிக்கச் சொன்னேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்த இங்கிலீஷில், 'உங்கள் குறிப்புகள் எங்களிடம் எப்போதும் பத்திரம்' என்று இருந்தது. "பாத்தியா, இவுங்களே பொய் சொல்றாங்க" என்றாள். இடையில் இன்னும் இரண்டு முறை தின்றது. இரண்டு முறையும் நான் தண்ணீர் குடிக்கவோ உப்புமா சாப்பிடவோ எழுந்துபோக, சித்தி விட்டதை அடிக்க உட்கார்ந்த சமயத்தில். இரண்டு முறையும் பிளக்கைப் பிடுங்கினாள். உப்புமா நன்றாகவே இருந்தது, சொல்லிவிட வேண்டும்.

நான்கு மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். "சித்தி, நீங்க எப்பவும் போல அடிங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்."

"திரையப் பாக்கமாட்டல்ல?"

"மாட்டேன்."

திரையைப் பார்க்கக்கூடாது. சித்தி முகத்தைப் பார்த்தால் பயமாக இருந்தது. வேறு வழியில்லாமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒற்றை விரல் போனது, வந்தது, போனது. ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தாள். "த்சொ" என்றாள். விரல் மூலைக்குப் போய், பின்னாலிருந்து எழுத்தை அழிக்கிற பேக்ஸ்பேஸ் கட்டையை அமுக்கிவிட்டு மேலே வந்தது.

விரல் வந்துவிட்டது. கட்டை வரவில்லை.

கீழேயே கிடந்தது. "திங்குது, திங்குது!" என்று சித்தி பிளக்கை நோக்கிப் பாய, நான் அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். செத்த நேரம் கழித்து, குளத்தில் படுத்த எருமை எழுந்திருப்பதுபோல மெல்ல, மனசில்லாமல் மேலே வந்தது. சித்தியின் கொண்டை ஊசியை வாங்கி அதன் ஓரத்தில் விட்டுத் தோண்டினேன். மேலே துடைத்திருந்தாளே தவிர, உள்ளே இறங்கியது அப்படியே இருந்தது. கட்டிக்கட்டியாகச் சந்தனம். நல்ல வாசனை.

நானும் சித்தப்பாவும் அழிக்கவே இல்லை. அடித்துப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டோம். வீட்டிலேயே தப்பாக அடித்துத் திருத்தி எழுதியது சித்தி ஒருத்திதான். அதனால் தின்றதும் அவளுடையதை மட்டும்தான்.

"ஏனுங்க, இத்தன கட்டை இருக்கறப்ப இதுக்கு மட்டும் எதுக்குங்க இம்புட்டுச் சந்தனம்?"

கரண்டியோடு வந்த சித்தப்பா எட்டிப் பார்த்தார். "மத்ததெல்லாம் பொடிசு பொடிசா இருக்கு. மூலையில இதுதான் பொட்டு வைக்கிற அளவுக்கு அகலமா இருந்துச்சு. ஸ்பானருக்கு வைக்கிறேன், ஒண்ணும் ஆகலயே."

துண்டை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். இரண்டு வாரப் பேச்சில் ஒரே ஒரு வரி மிச்சம். 'பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் என் அன்பு அக்கா அவர்களே.' அதற்குள் கோயிலில் மைக் செட்காரர் "ஹலோ, ஹலோ" என்று ஆரம்பித்துவிட்டார். மறுபடி அடிக்க நேரமில்லை. எழுதிய எதுவும் ஞாபகமில்லை என்றாள் சித்தி. புடவை மாற்றினாள். "தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிரட்டுமா கண்ணு?" என்று கேட்டாள். பிறகு அவளே, "வேண்டாம். கொழாயடிக்கு நாளைக்கும் போகணுமே" என்று கிளம்பிவிட்டாள்.

நடுவர், எங்கள் தெரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். இரண்டு பேருமே அவரிடம் பாலிசி எடுத்தவர்கள் என்பதால் மனிதர் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். அம்மா முதலில் பேசினாள். "கம்ப்யூட்டர்ல தேங்கா அரைக்க முடியுமா? மாவாட்ட முடியுமா? இட்லிக்குத் தொட்டுக்க அதுலேருந்து என்ன வரும்?" ஒவ்வொரு கேள்விக்கும் கைத்தட்டல். பட்டாணிக்காரரே தட்டினார்.

சித்தி எழுந்தாள். வெறும் கையோடு மைக் முன்னால் நின்று அந்த ஒரு வரியைச் சொன்னாள். நிறுத்தினாள். மைக் கொய்ங் என்றது. முன் வரிசையில் குழாயடி அக்கா பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எம் பேச்சக் கம்ப்யூட்டர் தின்னு போடுச்சுங்க" என்றாள் சித்தி.

கூட்டம் சிரித்தது. அவள் காத்திருந்தாள்.

"சிரிங்க, பரவால்ல. அக்கா கேட்டாங்க, கம்ப்யூட்டர் என்ன செய்யும்னு. நல்லாருந்தா என்ன செய்யும்னு எனக்கே தெரியலீங்க. கெட்டுப்போனா என்ன செய்யும்னு சொல்றேன். மிக்சி கெட்டா, என்ன ஆகும்? நாமதான் அம்மியில ஒக்காரணும். வீட்ல ஒருத்தராச்சும் எந்திரிச்சு வருவாங்களா? சட்னி எங்கன்னுதான் கேப்பாங்க. இன்னைக்குக் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுங்க. காலேஜ் படிக்கற புள்ள பல்லு வெளக்கறத உட்டுப்போட்டு ஓடியாறா. சாயங்காலம் வரைக்கும் எம் பக்கத்துலயே ஒக்காந்திருக்கா. ஒருத்தரும் எங்கிட்ட சோறு கேக்கல. எங்கூட்டுக்காரர், தோ, அந்தத் தூணோரம் நிக்கறாரே, பத்து வருசத்துல மொத மொறையா அடுப்பு பத்த வெச்சு உப்புமாக் கிண்டி எனக்குத் தட்டுல போட்டுக் குடுத்தாருங்க. எந்த மிக்சி குடுக்கும் இத?"

கமிட்டிக்காரர்கள் மறுநாள்வரை அந்தக் கைத்தட்டலைப் பற்றியே பேசினார்கள். பெண்கள் பக்கம் முழுக்க எழுந்து நின்றது. எல்லோரும் திரும்பித் தூணைப் பார்க்க, சித்தப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உண்டியலைப் பார்த்தார். குழாயடி அக்கா இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்க வரும் என்பதே தெருவுக்கு அன்றுதான் தெரியும்.

நடுவர், "மிக்சியும் வேண்டும், கம்ப்யூட்டரும் வேண்டும், இரண்டும் இரு கண்கள்" என்று வழவழவென்று ஆரம்பித்தார். "அதெல்லாம் முடியாது, ஒண்ணு சொல்லுங்க!" என்று கூச்சல். கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்து அவசரமாக ஒரு கும்பிடு போட்டார். பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் டப்பாவை மேடையிலிருந்து இறங்குவதற்குள் சித்தி மூன்று முறை திறந்து திறந்து மூடினாள்.

வீட்டுக்குத் திரும்பினோம். அப்பா நாலடி முன்னால், வீட்டில் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனார். அம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். முக்கு திரும்பியதும் என் கையைப் பிடித்து நிறுத்தி, காதோரம் கேட்டாள்.

"ஏண்டி, இந்தக் கம்ப்யூட்டர், கெட்டுப்போனதாவே பாத்து ஒண்ணு வாங்க முடியுமா?"