நடை இல்லாத வீடு

அவளுக்குப் பிரசவ வார்டில் ஆயா வேலை. வேலை முடிந்த கையோடு கணவன், மகளோடு வீடு பார்க்க வந்திருந்தாள், கால் கெஞ்சியது.

சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வரிசை வீடு. தெருக்கதவைத் திறந்தால் நேரே கூடம்.

"நடைக்குன்னு இடம் வீணாகல பாருங்க" என்றார் தரகர், அதுவே பெரிய பெருமை என்பதுபோல.

"ஆஸ்பத்திரியில நடக்கிற நடையே இவளுக்குப் போதும்" என்று சொல்லிவிட்டுக் கணவன் தானே சிரித்துக்கொண்டான்.

அவள் சிரிக்கவில்லை. இப்போதிருக்கும் வாடகை வீட்டில் தெருக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே ஓர் இருட்டு நடை உண்டு. வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே சுவரில் சாய்ந்து நிற்பாள். வார்டில் கேட்ட அலறலும் ஏச்சும் காதைவிட்டு இறங்கிய பிறகுதான் உள்கதவைத் தள்ளுவாள். இது வீட்டில் யாருக்கும் தெரியாது.

"வெளியிலேர்ந்து ஒரு தடவை வந்து பார்க்கிறேன்" என்று தெருவுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு திறந்தாள். ஒரு கால் இன்னும் தெருவில்தான் இருந்தது.

"அம்மா, பசிக்குது" என்றாள் கூடத்தில் நின்ற மகள்.

"ராத்திரிக்கு என்ன பண்ணப்போற?" என்றான் கணவன்.

அவள் தரகரிடம் திரும்பினாள்.

"வேற வீடு காட்டுங்கண்ணே. இதுல எல்லாரும் இருக்கலாம். நான் வந்து சேரத்தான் இடமில்ல."