சொந்த அலுவல்

எங்கள் சங்கத்து லீவுப் படிவத்தில் 'காரணம்' என்று போட்டு இரண்டு வரி இடம் விட்டிருப்பார்கள். அந்த இரண்டு வரியில் எல்லாரும் எழுதுவது ஒன்றுதான்: சொந்த அலுவல். காய்ச்சல் என்றாலும் சொந்த அலுவல், கலியாணம் என்றாலும் சொந்த அலுவல். யாழ்ப்பாணத்துப் புத்தூரில் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் அந்தப் படிவங்களை வாங்கி, வரவு இடாப்பில் பதிந்து, முகாமையாளரின் மேசைக்கு அனுப்புகிற எழுதுவினைஞராக நான் இருந்தேன். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. எனக்கு முப்பத்தொரு வயது.

உண்மையான காரணத்தை எழுதுகிற ஒரே ஆள் ஸ்ரோர் அக்கா. களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர், குருநகரில் இருந்து ஆமியின் செல்லடிக்குப் பயந்து இடம்பெயர்ந்து, தம்பியோடு புத்தூரில் ஒரு கொட்டிலில் இருந்தார். அவருடைய படிவங்களை நான் வாசித்துவிட்டுத் தனியே சிரித்துக்கொண்டிருப்பேன். 'கொட்டில் ஒழுகுது, நான் சட்டி பிடிக்காட்டி ஆர் பிடிக்கிறது' என்று ஒருமுறை. 'பெரியம்மா செத்த முப்பத்தொண்டாம் நாள். போகாட்டி, செத்த மனுசியிலும் பார்க்க என்னைப் பற்றித்தான் கூடக் கதைப்பினம்' என்று இன்னொரு முறை. இரண்டு வரி போதாது என்று பின்பக்கமும் எழுதுவார். முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு, "உவவுக்குச் சொந்த அலுவல் எண்டு எழுதச் சொல்லும்" என்பார். நான் சொல்லவே இல்லை.

மத்தியானச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான். களஞ்சியத்தில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே இருந்து சாப்பிட ஒரு வாங்கு கிடந்தது. இணுவிலில் எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை; நான் மீன் தின்னப் பழகியதே அவருடைய சாப்பாட்டுப் பெட்டியில்தான். முள்ளெடுத்துத் தருவார். "பிள்ளை, உன்ரை கொம்மா மேலை இருந்து பாக்கிறா, கெதியாத் தின்" என்பார். வெள்ளிக்கிழமைகளில் எனக்காக அவரும் மீன் கொண்டுவர மாட்டார்.

அதை விட்டால் எனக்கு நாளில் வேறு பேச்சுத் துணை கிடையாது. அம்மா இறந்துவிட்டார். அண்ணைமார் இரண்டு பேரும் கனடாவில். ஐந்து அறை வீட்டில் நான் ஒருத்தி. சைக்கிளை உள்ளே விட்டுப் படலையைச் சாத்தினால், மறுநாள் காலை அலுவலகத்தில்தான் வாயைத் திறப்பேன். சில காலைகளில் 'வணக்கம்' சொல்லும்போது குரல் கரகரக்கும்.

இப்படிப்பட்ட ஆள்தான் மனிதவள முகாமைத்துவமும் வணிகத் தலைமைத்துவமும் படித்தேன். சண்டையில் கொழும்புப் பாதை பூட்டுப்பட முன்னர், கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வெளிவாரியாகப் பதிந்திருந்தேன், பட்டப்பின் டிப்ளோமா. படிப்பில் ஆசை என்று சொன்னால் பொய். பொழுது போகவேண்டும், அவ்வளவுதான். போகப்போக ஆசை வந்துவிட்டது. டிப்ளோமா கிடைத்தால் கொழும்பில் வேலை தேடலாம், நாலு மனிதர் இருக்கிற இடத்தில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். வேலைத்தலத்தில் ஒருவர் தனித்துப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு பாடமே இருந்தது. அதையும் தனியே இருந்துதான் படித்தேன்.

பரீட்சைகளைப் பாதை பூட்ட முதலே எழுதி முடித்தாயிற்று. ஆய்வறிக்கை மட்டும் மிச்சம். வேலை செய்யும் இடத்தில் வினாக்கொத்துக் கொடுத்து, தலைமைத்துவம் எப்படி இருக்கிறது என்று பணியாளரிடம் கேட்டு எழுதவேண்டும். நிரப்பிய தாள்களையும் அறிக்கையோடு இணைத்து அனுப்பவேண்டும். தபால் கப்பலில் போன காலம் அது. அடுத்த கப்பலைத் தவறவிட்டால் தவணை முடிந்துவிடும்.

ஆங்கிலத்தில் வந்த மாதிரிக் கேள்விகளை நானே தமிழாக்கினேன். அகராதியும் கையுமாக இரண்டு கிழமை இருந்தேன். ஸ்ரென்சில் ஒன்று எங்கிருந்தோ கடன் வாங்கி, பழைய நிவாரணப் படிவங்களின் பின்பக்கத்தில் ரோணியோ மெசினில் பிரதி அடித்தேன். அச்சு அழகாக வந்ததில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. 'பெயர் எழுதத் தேவையில்லை' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டேன். அப்படிப் போட்டால் நம்பிக்கை வரும் என்று பாடத்தில் இருந்தது.

கேள்விகள் இப்படி: உங்கள் தலைவர் மற்றவர்களின் கருத்தைக் கேட்கிறாரா? உங்கள் தலைவர் தவறு செய்தால் ஒப்புக்கொள்கிறாரா? உங்கள் தலைவரின் முடிவுகளோடு நீங்கள் உடன்படாத சந்தர்ப்பம் உண்டா?

சங்கத்துப் பணியாளர் இருபத்துமூன்று பேருக்கும் நானே நேரில் கொடுத்தேன். லொறி ஓட்டுகிறவர் நின்ற நிலையில் வாசித்தார். இரண்டாந்தரமும் வாசித்தார்.

"மிஸ், உது எங்கை போகுது?"

"கொழும்புக்கு" என்றேன், பெருமையாக.

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஸ்ரோர் அக்கா தாளை வாங்கி அரிசி மூட்டைக்கு மேல் கவிழ்த்து வைத்தார். அன்றைக்கு எனக்கு முள்ளெடுத்துத் தரவில்லை. தலையிடி என்று நினைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் களஞ்சியக் கதவு சாத்தியிருந்தது. அதற்கு அடுத்த நாளும். என் மேசையில் இருந்து தனியாகச் சாப்பிட்டேன். நான் அறைக்குள் போனால் கதை நின்றுவிடும். தேத்தண்ணி கொண்டுவருகிற மனுசி கோப்பையை வைத்துவிட்டு நிற்காமல் போனார். நானோ, படிக்கிறேன் என்று எல்லாருக்கும் எரிச்சல், பொறாமை பிடித்த கூட்டம் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது.

ஒரு கிழமை கழித்துக் காலையில் வந்து பார்த்தால் இருபத்துமூன்று தாளும் சாக்கு நூலால் கட்டி என் மேசையில் இருந்தன. பிரித்துப் பார்த்தேன். எல்லாத் தாளிலும் தலைவர் கேட்கிறார், ஒப்புக்கொள்கிறார்; உடன்படாத சந்தர்ப்பம் இல்லவே இல்லை. ஒரே ஊதா மை. ஒரே மாதிரிச் சரி அடையாளம். கருத்து எழுதுகிற இடத்தில் இருபத்துமூன்று தரமும் ஒரே கையெழுத்தில் ஒரே வசனம்: 'எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.'

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? பின்பக்கம் வரைக்கும் எழுதுகிற கையெழுத்து. கட்டைத் தூக்கிக்கொண்டு நேரே களஞ்சியத்துக்குப் போனேன்.

"என்னக்கா இது? என்ரை படிப்பு உங்களுக்கு விளையாட்டோ?"

அவர் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "நீங்கள் கேட்டதைத் தந்திருக்கிறம், மிஸ்."

பிள்ளை இல்லை, நீ இல்லை. நீங்கள், மிஸ். கன்னத்தில் அறைந்திருந்தாலும் அப்படி வலித்திராது.

"உண்மையை எழுதத்தானே கேட்டனான்."

அப்போதுதான் திரும்பினார். குரலைத் தாழ்த்தி, "எந்தத் தலைவரைக் கேக்கிறியள்?" என்றார்.

"எங்கடை முகாமையாளரை. வேறை ஆரை?"

"அப்பிடியெண்டு எங்கை எழுதியிருக்கு?"

தாளைப் பார்த்தேன். எங்குமே இல்லை. அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் அடைமொழி இல்லாமல் தலைவர் என்றால் ஒரே ஒருவர்தான். ஊரைத் தன் கையில் வைத்து, கொழும்பு அரசோடு சண்டை பிடித்த இயக்கத்தின் தலைவர். அவர் தவறை ஒப்புக்கொள்கிறாரா, அவரோடு உடன்படுகிறீர்களா என்று, பெயர் எழுதவேண்டாம் என்று சொல்லி, கொழும்புக்கு அனுப்புவதற்காக இருபத்துமூன்று பேரிடம் கேட்டிருக்கிறேன். அகராதியைப் பார்த்துப் பார்த்து எழுதியவளுக்கு ஊர் தெரியவில்லை. அப்படியே மூட்டையில் இருந்துவிட்டேன்.

"ஒருத்தர் ஒண்டு எழுதி மற்றவர் வேறை எழுதினால் பிறகு ஆர் ஆர் எண்டு தேடுவினம். அதுதான் எல்லாரையும் இருத்தி, நானே எழுதினனான்" என்றார். "என்ரை தம்பியை, வாய்தவறிச் சொன்ன ஒரு கதைக்காகத்தான் இயக்கக்காரர் விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போனவை. திரும்பி வந்தவன், இப்ப ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. என்னோடையும்தான்."

அவருடைய தம்பி ஏன் வேலைக்குப் போவதில்லை என்று இரண்டு வருடமாக நான் கேட்டதே இல்லை. மீனை மட்டும் தின்றிருக்கிறேன்.

"எரிச்சுப்போடுங்கோ, மிஸ்."

மூன்று நாள் யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் யோசித்தேன். 'தலைவர்' என்பதை 'முகாமையாளர்' என்று மாற்றி இன்னொரு தரம் அடிக்க ஸ்ரென்சில் கிடையாது. அடித்தாலும் ஒருவரும் தொட மாட்டார்கள். இந்த இருபத்துமூன்றையும் இணைத்து, பணியாளர் யாவரும் முழுத் திருப்தி என்று எழுதி அனுப்பினால் கொழும்பில் யாருக்குத் தெரியும்? கப்பலுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. ஆனால் அந்த மூன்று நாளும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

நாலாம் நாள் காலை கட்டை எடுத்துக்கொண்டு போய், களஞ்சியத்துக்குப் பின்னால் சாக்குக் குப்பை எரிக்கிற இடத்தில் அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, அவர் கண் முன்னால் நெருப்பு வைத்தேன். ஒவ்வொரு தாளாகப் போட்டேன். ஊதா மை எரிகிறபோது பச்சையாகத் தெரிந்தது. என் டிப்ளோமாவும் கொழும்பும் அதோடு சரி. அழுகை வந்தது, ஆனால் மனதுக்குள் ஒரு சந்தோசமும் இருந்தது. இப்போது 'பிள்ளை' என்று கூப்பிடுவார் என்று நின்றேன்.

அவர் சாம்பலைச் செருப்பால் கலைத்தார். கோபமே இல்லாத குரலில், "உதுக்கு இன்னொரு கொப்பி எடுத்து வைச்சிருப்பியள்தானே" என்றார்.

இல்லை அக்கா, சத்தியமாக இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். இனி என்ன சொன்னாலும் அப்படித்தான் ஆட்டுவார் என்று விளங்கியது.

மற்றவர்கள் கொஞ்ச நாளில் பழையபடி கதைத்தார்கள். தேத்தண்ணி மனுசி நின்று ஊர்க்கதை சொன்னார். லொறிக்காரர் பகிடி விட்டார். அக்கா மட்டும் காணும் இடத்தில் சிரிப்பார், "சாப்பிட்டாச்சோ, மிஸ்?" என்பார். களஞ்சிய வாங்கில் நான் பிறகு இருக்கவே இல்லை. ஒருநாள் வீட்டில் நானே மீன் வாங்கிக் காய்ச்சிப் பார்த்தேன். முள் தொண்டையில் குத்தியது. அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்த ஆண்டு அவர் வேலையை விட்டார். தம்பியை ஒரு டொக்டரிடம் காட்டுவதற்காக வள்ளத்தில் இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அது பிறகுதான் தெரியும். விலகல் படிவம் வழக்கம்போல என் மேசைக்கு வந்தது. ஊதா மை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், வெறுமையாக இருந்தது. முன்பக்கத்தில் காரணத்துக்கு விட்டிருந்த இரண்டு வரியில் முதல் வரியே அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

சொந்த அலுவல் என்று எழுதியிருந்தார்.