கால் பங்குக்கு மேல் கூடாது

2006 கோடையில், ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்பில் என் தங்கையின் கணவரைக் கண்ணாடிவிரியன் கடித்தது. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலை அவருக்கு. லீவு நாளில் கொட்டை பொறுக்கப் போயிருந்தார். விஷமுறிவு ஊசி போட்டும் சிறுநீரகம் நின்றுவிட்டது. பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். சாதாரண டயாலிசிஸை அவர் பிரஷர் தாங்கவில்லை. இடைவிடாமல் மெதுவாக ஓடும் மெஷினில் போட்டார்கள்.

நுரையீரலில் நீர் கோத்திருந்தது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். மெஷின் அந்த நீரை எடுத்தாக வேண்டும்.

ஈறிலும் ஊசி குத்திய இடங்களிலும் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. ஆலை நண்பர்கள் நான்கு பேர் ரத்தம் கொடுத்தார்கள். அதை ஏற்றி முடித்த கொஞ்ச நேரத்தில் மெஷினின் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. அதற்குள் நின்றுபோன ரத்தம், ஒரு டம்ளர் இருக்கும், கருத்துப்போய்க் குழாயோடு குப்பைக்குப் போனதைத் தங்கை பார்த்தாள். கைவசம் இருந்தது இன்னும் ஒரே ஃபில்டர். அடுத்தது திருச்சியிலிருந்து வர வேண்டும்.

"சிமெண்ட் தூசி ரத்தம்ல, இறுகிடுச்சு போல," என்றார் நண்பர்களில் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. தங்கை அவர் முகத்தையே பார்த்தாள்.

சிறு வயது டாக்டரம்மா செல்போனில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

"நிமிஷத்துக்கு 150 மில்லி ரத்தம் ஃபில்டர்ல போகுது சார். முன்ன அதுல 120 மில்லி நீரா இருந்துச்சு. 27 மில்லி பிழிஞ்சோம், கால் பங்குக்குள்ள. ரத்தம் ஏத்துனதும் அணுக்கள் கூடிடுச்சு. இப்ப நீர் 102 தான். அதே 27 எடுத்தா கால் பங்கைத் தாண்டுது. உள்ளயே கெட்டியாகி உறையுது. ஏத்துனப்பவே நான் குறைச்சிருக்கணும்."

"உறையாம இருக்க மருந்து?"

"கசியுதே சார். குடுக்க முடியாது. கழுத்துக் குழாயில ரத்தத்தை வேகமாவும் இழுக்க முடியல. பிழியறதை 20க்கு இறக்குறேன்."

"மூச்சு முட்டுதுங்க அவருக்கு. இப்பப் போயி கம்மி பண்றேங்கிறீங்களே," என்றாள் தங்கை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, பேப்பர்ல எழுதுறேல்ல, கேளேன்!"

கணக்கு சரியாக இருந்தது. மெதுவாக எடுத்தால் மூச்சு தாங்குமா தெரியாது. வேகமாக எடுத்தால் இந்த ஃபில்டரும் போகும். "இறக்குங்க," என்றேன். தங்கை என் சட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது ஃபில்டர் அடைக்கவில்லை. அன்று மாலை, திருச்சி கார் வந்து சேருமுன், அவர் மூச்சு நின்றது. மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் அதை நிறுத்தக் கை நீட்டினார்.

"குழாயில இருக்குற ரத்தத்தயாவது அவருக்கே விட்ருங்கம்மா," என்றாள் தங்கை.

நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா முன்னே வந்து, ரத்தத்தை உடம்புக்கே திருப்பிவிடும் பட்டனைத் தானே அழுத்தினார். குழாய் மெல்ல வெளுத்தது.