அப்பாவின் உபவாசம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், ஆம்பூரில் எங்கள் சபையில் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது லெந்து நாட்களை அப்பாவைப் போல அனுசரித்தவர் யாருமில்லை. தோல் பதனிடும் டேனரியில் கிளார்க், சபைக் கமிட்டியில் செயலாளர். சம்பளம் தந்தது முதலாவது. அவர் வாழ்ந்தது இரண்டாவதற்காக. அந்த வருடம் பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடமாட்டார். ராத்திரி அரை டம்ளர் கஞ்சி. போதகர் பிரசங்கத்திலேயே அவரை மெச்சினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார், எல்லோருக்கும் தெரிகிற அளவுக்கு. அதற்குப் பிறகு கஞ்சியும் பாதியானது.

நான் வேலூரில் நர்ஸ். நோயாளிகள் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று தினமும் எழுதிவைப்பவள். சனிக்கிழமைதோறும் ஊருக்கு வந்து, அப்பா எலும்பும் தோலுமாவதைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் வார்டில் பெருமையடித்தேன். அந்தப் புத்தியை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பலாம் போலிருக்கிறது.

ஈஸ்டரன்று அம்மா பிரியாணி செய்தாள். உபவாசம்தான் முடிந்துவிட்டதே என்று வற்புறுத்தினோம். இரண்டு வாய் சாப்பிட்டார். அரைமணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். அப்போதுதான் முதல்முறையாக அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தொப்புளுக்கு மேலே ஒரு வீக்கம், நாடியோடு சேர்ந்து என் கையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. உடனே வண்டி பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிப் படமெடுத்துப் பார்த்த சர்ஜன் விளக்கினார். வயிற்றிலுள்ள பெரிய ரத்தக்குழாய் பலூன் போல வீங்கியிருக்கிறது, வெடித்தால் பிழைக்கமாட்டார். குடலுக்குப் போகும் குழாய்களும் அடைத்திருப்பதால்தான் சாப்பிட்டதும் வலிக்கிறது. வீங்கிய இடத்தில் துணியால் நெய்த குழாய் வைத்து, அதிலிருந்து குடலுக்கு ஒரு கிளை இழுத்துத் தைக்கவேண்டும். எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று என்னைக் கேட்டார். லெந்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பகல் முழுக்க ஆபரேஷன். பிழைத்தார். முதல் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, வலி வருமா என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வலி வரவில்லை. அப்பா அழுதார்.

மறுநாள் கமிட்டி திரண்டு வந்தது. உபவாசத்துக்காகவே கர்த்தர் காப்பாற்றினார் என்று சபையில் சாட்சி சொல்லவேண்டுமாம். சர்ஜனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பா மெதுவாகச் சொன்னார்: "உபவாசம்லாம் இல்ல. சாப்ட்டா வலிச்சுது, பயந்துட்டு சாப்டல. எல்லாரும் மெச்சுனாங்களா, அப்டியே இருந்துட்டேன்."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு உண்மையை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கமிட்டியின் மூத்தவர் தொண்டையைச் செருமினார். "அத சபையில சொல்ல வேணாம். ஜனங்க விசுவாசத்துல இடறிப் போய்டுவாங்க."

"சரி" என்றார் அப்பா.

உடம்பு தேறியதும் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, நாற்பது நாள் உபவாசத்தின் மகிமையை அரைமணி நேரம் பேசினார். ஆமென் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.